நிலையம் என்பது நிற்கும் இடம்

சென்னையில் 'பறக்கும் ரயில்' என்று ஒன்று இருக்கிறது. அது பறப்பதில்லை. கான்கிரீட் தூண்களின் மேல் ஓடுகிறது. அந்தத் தூண்களில் பல, பக்கிங்ஹாம் கால்வாயின் நீருக்குள் ஊன்றப்பட்டவை. திருமயிலை நிலையத்தின் நடைமேடையில் நிற்கிறவருக்குக் காற்று வரும், கோபுரம் தெரியும், மாடி வீடுகளில் உலரும் துணி தெரியும். காலுக்கு நேர் கீழே கறுத்துக் கிடக்கும் தண்ணீர் மட்டும் எளிதில் தெரியாது. எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தத் தண்ணீரை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நான் மரக்காணத்தில் பிறந்தவள். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து கடலையொட்டித் தெற்கே வரும் அந்தக் கால்வாய் சென்னையைக் கடந்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓடி, எங்கள் ஊரருகே கழுவெளிப் பக்கம் வந்து முடிகிறது. ஒரே தண்ணீரின் ஒரு பகுதியில் ரயில் நிலையம் நிற்கிறது, மறு முனையில் உப்பளம் கிடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எனக்குள் வெகுநாளாக ஒரு கேள்வி இருக்கிறது: பலருக்குப் பயன்படும் ஒரு நல்ல பொருள், சிலருடைய இழப்பின் மேல் எழுப்பப்பட்டிருந்தால், அதை அனுபவிக்கிறவர்கள் யாருக்கு, எதைக் கடன்பட்டிருக்கிறார்கள்?

முதலில் நிலையத்தின் கதை. 1995 நவம்பர் 1-ஆம் தேதி சென்னைக் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. 1997 அக்டோபரில் அது திருமயிலையை எட்டியது. அதன் பிறகு ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதை அங்கேயே நின்றுவிட்டது. 2004 ஜனவரி 26-இல் திருவான்மியூர் வரையும், 2007 நவம்பரில் வேளச்சேரி வரையும் நீண்டது. இடையில் விட்டுப்போன முண்டகக்கண்ணியம்மன் கோவில் நிலையம் 2014-இல்தான் திறந்தது. 1970-களில் பேசப்பட்டு, 80-களில் ஒப்புதல் பெற்று, 90-களில் ஓடிய ரயில் இது. அது ஓடத் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகளுக்குள் அதில் ஏறி நான் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்வந்தேன்.

இந்தப் பாதை ஏன் கால்வாயின் மேல் போனது? நகரத்தின் நடுவே ரயில் பாதை போட நிலம் வேண்டும். வீடு, கடை, கோயில் என்று நெருங்கிக் கிடக்கும் ஊரில் நிலம் எடுப்பது செலவு, வழக்கு, எதிர்ப்பு. கால்வாயோ ஏற்கெனவே அரசாங்கத்தின் கையில் இருந்தது. படகுப் போக்குவரத்து ஒழிந்து, சாக்கடை கலந்து, யாரும் உரிமை பேசாத இடமாக ஆகியிருந்தது. அரசுக் கணக்கில் அதற்குப் பெயர் புறம்போக்கு.

இந்தச் சொல்லில் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஊரார் எல்லோருக்கும் உரிய ஏரி, குளம், மேய்ச்சல் தரை, கால்வாய்க் கரை ஆகியவற்றைக் குறித்த சொல் அது. இன்று தெருவில் அது ஒரு வசை. ஒன்றுக்கும் உதவாதவனைப் புறம்போக்கு என்கிறோம். எல்லோருக்கும் உரியது என்பது யாருக்கும் வேண்டாதது என்று பொருள் மாறியது எப்படி? இன்னொரு சொல்லும் இதே வழியில் போயிருக்கிறது. 'பொது' என்ற சொல்லை ஆணோடு சேர்த்தால் பொதுவாழ்வில் இருப்பவர் என்று மரியாதை வரும். பெண்ணோடு சேர்த்துப் 'பொதுமகள்' என்றால் விலைமகள் என்று நம் அகராதிகள் பொருள் எழுதும். நிலத்தில் பொதுவானது புறம்போக்கு. பெண்ணில் பொதுவானவள் இழிந்தவள். இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. நம் மொழியின் இந்த இரண்டு மூலைகளையும் சேர்த்துப் பார்க்காமல், கால்வாயின் மேல் நிற்கும் நிலையத்தைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

கால்வாய்க்கும் ஒரு கீழ்த்தளம் உண்டு. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய தனியார் கால்வாயிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. அதற்கு ஓராண்டு முன்புதான், 1805-இல், சென்னை மாகாணத்தில் உப்பு கும்பினியின் தனியுரிமை ஆகியிருந்தது. பின்னர் அரசு கால்வாயை எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. விறகு, நெல், சவுக்கு, உப்பு எல்லாம் படகில் நகரத்துக்குப் போயின. ஆனால் நகரத்துக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஒரு துண்டு மட்டும் இணையாமல் இருந்தது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டு 1877-78-இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்துக்குத் தப்பி வந்த மக்கள்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்போம். மழை பொய்த்தது. தானியம் விலை ஏறியது. ஏற்றுமதி நிற்கவில்லை. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்ச நிவாரணம் என்பது சும்மா கொடுக்கும் சோறாக இருக்கக் கூடாது, வேலைக்குக் கூலியாகவே இருக்க வேண்டும் என்பது அன்றைய அரசின் நெறி. அதிலும் செலவைக் குறைக்க 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் ஒரு கூலி விகிதம் வகுத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கும் வேலைசெய்யும் குழந்தைக்கும் அதிலும் குறைவு. இந்த அளவு உயிரைக் காக்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் அந்த அளவைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது.

வெட்டி முடிந்ததும் கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. மண் சுமந்தவர்களில் ஒருத்தியின் பெயர்கூட நம்மிடம் இல்லை. பஞ்சத்தில் எலும்பாகிப்போனவர்களை வரிசையாக உட்காரவைத்து ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்கள் மட்டும் உலகம் முழுக்க இருக்கின்றன. இடுப்பில் பிள்ளையோடு கேமராவைப் பார்க்கும் பெண்கள் அவற்றில் இருக்கிறார்கள். பெயர் இல்லாமல் இருக்கிறார்கள்.

திருமயிலை நிலையம் நிற்பது இந்தத் துண்டின் மேல்தான். எனவே அங்கே இரண்டு தளங்கள் என்று எண்ணுவது தவறு. மேலே ரயில், நடுவே தண்ணீர், தண்ணீருக்கும் அடியில் ஆணைவிடக் குறைந்த கூலிக்கு ஒரு பெண் வெட்டி அள்ளிய மண் இருந்த இடம்.

தெற்கு முனைக்கு வருகிறேன். மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நெய்தல் நிலத்தின் உப்பை வண்டியில் ஏற்றிப்போன உமணரையும், தெருத்தெருவாகக் கூவி உப்புக்கு நெல் மாற்றிய உமணப் பெண்களையும் வகுப்பில் நடத்தும்போது, என் மாணவிகள் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்கள் வீட்டில் அது இலக்கியம் இல்லை, வேலை. பொழுது விடியுமுன் களத்தில் இறங்கி, பாத்தியில் படிந்த உப்பை ஆண்கள் வார, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சும்மாடு வைத்து வரப்பு வழியாகச் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள். உப்புநீர் கால் வெடிப்பில் இறங்கும். வெயிலில் வெள்ளைப் பரப்பு கண்ணைக் கூசும். ஒதுங்க ஒரு மறைவு இருக்காது. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மாதக்கணக்கில் வேலையே இல்லை.

என் அம்மா இந்த வேலையைச் செய்தவள். "இந்தக் கால்வாயோடவே போனா மெட்ராஸ் போயிடலாம்னு எங்க ஆயா சொல்லும்" என்பாள். ஆயா காலத்தில் உப்பு படகில் போனது. 1965-66 புயல்களில் கால்வாய் சிதைந்த பிறகு அந்தப் போக்குவரத்து மெல்லச் செத்தது. 2008-இல் இதே கால்வாயைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவித்தார்கள். அறிவித்தபோது சென்னைக்குள் அதன் நடுவே ரயில் தூண்கள் நின்றுகொண்டிருந்தன. மரக்காணத்துக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் திண்டிவனம் போக வேண்டும். கால்வாயின் ஒரு பகுதியில் தண்ணீரின் மேல் ரயில், அதன் கடைசி முனையில் ரயிலும் இல்லை, படகும் இல்லை.

தமிழில் மேல் என்றால் உயரம், மேல் என்றால் மேற்குத் திசையும்கூட. கீழ் என்றால் பள்ளம், கிழக்கும் அதுதான். மலையிலிருந்து கடல்நோக்கிச் சரியும் நிலம் நம் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடற்கரைக்காரர்களாகிய நாங்கள் மொழியிலேயே கீழே இருப்பவர்கள். ஆனால் நிலம் சரிவது இயற்கை. கூலி சரிவது இயற்கை இல்லை.

இனி நிலையத்துக்காகவும், கால்வாய்ச் சீரமைப்புக்காகவும், சாலைக்காகவும் கரையிலிருந்து அகற்றப்பட்டவர்கள். சென்னையின் நீர்க்கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடந்த கால்நூற்றாண்டில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்ற குடியிருப்புகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. கல் வீடு கிடைத்தது உண்மை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நாலு வீடு வேலை பார்த்த பெண்ணுக்கு, விடியற்காலை நடந்துபோய்ப் பாத்திரம் தேய்த்துப் பிள்ளை பள்ளிக்குப் போகுமுன் திரும்பிவிட முடிந்த அந்த வாழ்க்கை கிடைக்கவில்லை. தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை. ஒரு பெண் வீட்டைவிட்டுப் போய் அடுப்பு மூட்டத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் தூரம்தான். அந்தத் தூரம் நீண்டபோது வேலையை விட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கண்ணகி நகர் என்ற பெயர் என்னை உறுத்துகிறது. 2001 டிசம்பரில் மெரினாவில் இருந்த கண்ணகி சிலை அகற்றப்பட்டது. 2006 ஜூனில் மீண்டும் வைக்கப்பட்டது. சிலை இல்லாத அந்த நாலரை ஆண்டும் பெரிய சர்ச்சை, கட்டுரைகள், மேடைகள். தமிழ்ப் பேராசிரியர்கள் திரண்டார்கள். அதே ஆண்டுகளில் நகரத்தின் ஏழைப் பெண்கள் கண்ணகியின் பெயரிட்ட இடத்துக்கு மூட்டைமுடிச்சோடு போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கு அந்த அளவுக்குச் சத்தம் எழவில்லை. நீதி கேட்டவளின் பெயரை, நீதி கேட்க வாய்ப்பில்லாதவர்கள் வாழும் இடத்துக்கு வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த நிலையத்தில் எப்படி ஏறுவது? இந்தக் கேள்விக்கு மூன்று விடைகளை நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் விடை கணக்குப் பார்ப்பது. சிலர் இழந்தார்கள், பலர் பெற்றார்கள், கூட்டிக் கழித்தால் நன்மையே மிச்சம். இதை எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. பறக்கும் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். காலையில் திருமயிலையில் இறங்குகிறவர்களில் வீட்டுவேலைப் பெண்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், கல்லூரி மாணவிகள் இருக்கிறார்கள். அந்த ஐந்து ரூபாய் டிக்கெட் எனக்கு ஒரு முனைவர் பட்டம் வாங்கித் தந்தது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. இழந்தவரும் பெற்றவரும் வெவ்வேறு ஆட்கள். ஒருத்தி சுமந்த நஷ்டத்தை இன்னொருத்தி அடைந்த லாபத்தால் கழிக்க, இரண்டும் ஒரே பேரேட்டில் இருக்க வேண்டும். பெண்களின் உழைப்பை எப்போதும் குடும்பக் கணக்கிலோ ஊர்க் கணக்கிலோ கரைத்துவிடும் பழக்கத்திலிருந்துதான் இந்தக் கூட்டல் கழித்தல் வருகிறது.

இரண்டாவது விடை விலகிவிடுவது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973-இல் எழுதிய 'ஓமெலாஸ்' கதையில் ஒரு நகரம் வரும். அந்த நகரத்தின் இன்பம் முழுவதும், நிலவறையில் அடைபட்டுக் கிடக்கும் ஒரு குழந்தையின் துன்பத்தின் மேல் நிற்கிறது. எல்லோருக்கும் அது தெரியும். சிலர் மட்டும் அதைத் தாங்காமல் நகரத்தைவிட்டு நடந்து போய்விடுகிறார்கள். நான் இந்தக் கதையை நடத்தியபோது செய்யூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "போறவங்களுக்குப் போக எடம் இருக்கு மேடம். பஸ்ஸுக்குக் காசு இல்லாதவ எங்க போவா? அந்தக் கொழந்தைய யாரும் வெளிய கூட்டிட்டு வரலயே?" அதற்கு மேல் நான் அன்றைக்கு எதுவும் நடத்தவில்லை. விலகுதல் தூய்மை தரலாம். கீழே கிடப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

விலகலுக்குள் இன்னொரு வடிவம் எரிப்பது. கண்ணகி அதைச் செய்தாள். அவள் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. மதுரை எரிந்தபோது வேறு பெண்களின் அடுப்படிகளும் எரிந்தன என்பதையும் மறக்க முடியவில்லை.

மூன்றாவது விடையை மணிமேகலையில் கண்டேன். அமுதசுரபியைக் கையில் வைத்திருந்தவள் சோழ மன்னனிடம் கேட்ட வரம் பொன் இல்லை, நிலம் இல்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தா என்று கேட்டாள். அவள் சிறையை இடிக்கவில்லை, அதைவிட்டு ஓடவும் இல்லை. அதே சுவர், அதே கூரை. உள்ளே வருபவர் யார், அங்கே அவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை மாற்றினாள். வன்முறையால் எழுந்த ஒரு கட்டடத்தின் குணம் அதன் பயனால் மாறும் என்று நம்பியவள் அவள். நம் மரபில் ஒரு இளம்பெண் அரசனிடம் முன்வைத்த பொதுக் கொள்கை இது. அதைப் பெரும்பாலும் துறவின் கதையாகவே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

அப்படியானால் கடன் என்பது நன்றி சொல்வதோ குற்றவுணர்வோடு பயணிப்பதோ இல்லை. யாருடைய இழப்பின் மேல் அது நிற்கிறதோ, அவர்கள் அதற்குள் உரிமையோடு நுழைய வழிசெய்வதுதான் கடன் தீர்ப்பது. இதை வைத்துப் பார்த்தால் நம் உயர்மட்ட நிலையங்களின் குறை வேறுவிதமாகத் தெரியும். தொடக்கத்திலிருந்தே அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் புகார்கள் தெரிந்தவையே: கடைகள் வரும் என்று கட்டி ஆளற்றுக் கிடக்கும் பெரும் கூடங்கள், விளக்கில்லாத மூலைகள், நீண்ட படிக்கட்டுகள், வெகுகாலம் பல நிலையங்களில் மின்தூக்கி இல்லாத நிலை. அந்தி சாய்ந்த பிறகு பெண்கள் படியேற அஞ்சும் நிலையம், பொதுப்பணத்தில் கட்டப்பட்டிருந்தாலும் பொது ஆகவில்லை. வீட்டில் இதற்குச் சொல்லப்படும் தீர்வு 'இருட்டுறதுக்குள்ள வந்துடு' என்பது. கட்டடத்தின் குறையைப் பெண்ணின் கால அட்டவணை சுமக்கிறது. விளக்குப் போடாதவர் பெயர் யாருக்கும் தெரியாது, தாமதமாக வந்தவள் பெயர் தெரு முழுக்கத் தெரியும்.

ஒருமுறை அம்மாவை ஒரு நிலையத்துக்கு அழைத்துப்போயிருந்தேன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. மூட்டு வலியால் படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சீருடைக்காரர் ஒருவர் வந்து, "இங்கல்லாம் உக்காரக் கூடாதும்மா, எந்திரி" என்றார். பக்கத்தில் நின்று சிகரெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆண்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அம்மா எழுந்துகொண்டாள். ரயிலில் ஏறிய பின், கீழே தெரிந்த தண்ணீரைக் காட்டி, "இது நம்ம கால்வாயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பறம் ஏன் அந்தாளு எந்திரிக்கச் சொன்னான்?" என்றாள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை.

அவள் கேள்வியில் ஒரு அறக் கோட்பாடு முழுதாக இருக்கிறது. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவர் 2011-இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்' என்ற நூலும் இதைத்தான் கேட்டது: வேலை, படிப்பு, மருத்துவமனை என்று காரணம் காட்டாமல் ஒரு பெண் தெருவில் சும்மா நிற்கலாமா? நகர்ந்துகொண்டே இருக்கும்வரை பெண் பொதுவெளியில் பொறுத்துக்கொள்ளப்படுகிறாள். நின்றால் கேள்வி வருகிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். போவதற்கான உரிமை அதனால் பெருகியது. நிற்பதற்கான உரிமை இன்னும் வரவில்லை.

நிலையம் என்ற சொல் 'நில்' என்ற வேரிலிருந்து வருவது. பெண்ணுக்கு நிற்கும் உரிமையைத் தராத கட்டடத்துக்கு நாம் அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். எனவே என் மாணவிகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: ஏறுங்கள், குற்றவுணர்வு வேண்டாம். ஆனால் ரயில் வந்ததும் ஓடிப்போய் ஏறிவிடுவதோடு முடிக்காதீர்கள். கழிவறை பூட்டிக் கிடந்தால் திறக்கக் கேளுங்கள். விளக்கு எரியாவிட்டால் எழுதிக் கொடுங்கள். ஆளற்ற கூடத்தில் கீரை விற்கும் அம்மாவுக்கும் பூ கட்டும் அக்காவுக்கும் இடம் கேளுங்கள். அவர்கள் இருந்தாலே அந்த இடத்தின் பாதி இருட்டு போய்விடும். கண்ணகி நகரிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணின் பயண நேரத்தைத் திட்டம் போடுகிறவர்களின் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தச் சுவரில், யார் திறந்துவைத்தார் என்ற கல்வெட்டுக்குப் பக்கத்தில், இந்த இடத்தை 1877-78-இல் பஞ்சத்தில் வந்தவர்கள் வெட்டினார்கள், அவர்களில் பெண்களுக்குக் கூலி குறைவாக இருந்தது என்று இன்னொரு கல் வைக்கச் சொல்லுங்கள். உப்பளத்துப் பெண்ணுக்கு இன்றும் கூலி சமமா என்ற கேள்வி அதைப் படிக்கிறவர் மனத்தில் தானாக வரும்.

கேட்கும்போது, நீங்கள் யார், இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று யாராவது விசாரிக்கக்கூடும். ரயிலுக்காக என்று அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். நிற்பதற்காக நிற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.